சிப்ரியானோவின் காதும் ஜீப்னித் தகடும்

எங்கள் பட்டறையில் கட்டிய ஜீப்னி என்கிற பயணி வண்டியின் பக்கத் தகடு கோணவே கோணாது என்று லாஸ் பின்யாஸ் ஊர் முழுக்கப் பேச்சு. பேரை வாங்கிக்கொண்டது முதலாளியம்மா பெர்பெத்துவா. தகட்டைக் கோணாமல் வைத்தது சிப்ரியானோ.

வெறும் தகடு காற்றுக்கே ஆடும். அது விறைப்பாக நிற்க நீளவாக்கில் வயல் வரப்பு மாதிரி ஒரு வரம்பு எழுப்புவோம். அதை உருட்டும் எந்திரத்தின் கைப்பிடியைச் சுற்றுவது என் வேலை. தகட்டை அப்படியே கொண்டுபோய் உருட்டினால், வரம்பு சுற்றியிருப்பதையெல்லாம் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். வெயிலில் போட்ட கருவாடு மாதிரி நாலு மூலையும் தூக்கிக்கொள்ளும். அதனால் வரம்பு வரப்போகிற கோட்டை மட்டும் முதலிலேயே இரும்புக் கட்டைமேல் வைத்துச் சுத்தியலால் தட்டி நீட்டிக் கொடுக்க வேண்டும். இழுக்கிறவனுக்கு அங்கேயே மிச்சம் இருந்தால் பக்கத்து வீட்டில் கை வைக்கமாட்டான். தட்டு கூடிப்போனாலும் வம்புதான். நடுவே தொளதொளத்து, வண்டி குலுங்கும்போதெல்லாம் தகடு உள்ளே வெளியே துள்ளி டொக்கு டொக்கென்று சத்தம் போடும்.

எங்கே நிறுத்துவது என்பதைச் சிப்ரியானோ காதால் பிடிப்பார். கணகணவென்று ஒலிக்கும் தகடு ஒரு இடத்தில் அமுங்கிப் பேசும். அங்கே சுத்தியலைக் கீழே வைப்பார்.

"காதுல பஞ்சு வச்சுக்கண்ணே. நாள் பூரா இடி இடிக்குது" என்பேன்.

"பஞ்சு வச்சா தகடு பேசறது யாருக்குடா கேக்கும், நெஸ்டோர்? உனக்கா? உனக்கு உன் பொண்டாட்டி பேசறதே கேக்காது."

வருகிறவர்களிடமெல்லாம் முதலாளியம்மா பெருமையடிப்பாள்: "சிப்ரியானோவுக்குக் காது இருக்கறவரைக்கும் என் தகடு கோணாதுங்க." அந்தக் காது எத்தனை நாளைக்கு இருக்கும் என்று அவள் ஒரு நாளும் யோசிக்கவில்லை. மாடு மெலிந்தாலென்ன, வண்டி ஓடினால் சரி.

போன மழைக்காலம் முடிந்ததும் ஒனோஃப்ரே என்கிற ஓட்டுநர் புது வண்டியோடு வந்து கத்தினான்.

"ஏம்மா, நான் வண்டி வாங்கினேனா, பல்லி வாங்கினேனா? பள்ளத்துக்குப் பள்ளம் டொக்கு டொக்குங்குது! ஏர்றவனெல்லாம் சகுனம் கேக்குறான்!"

சிப்ரியானோ அவனுக்கு முதுகைக் காட்டி அடுத்த தகட்டைத் தட்டிக்கொண்டிருந்தார். திரும்பவே இல்லை. முதலாளியம்மா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். சுத்தியல் ஓய்ந்ததும் பின்னால் போய் நின்று, "சிப்ரியானோ, சோறு ஆறுது, வா!" என்று உரக்கக் கூப்பிட்டாள். அசைவில்லை. கையிலிருந்த சட்டி மூடியைத் தரையில் போட்டாள். அதற்கும் அவர் திரும்பவில்லை. பட்டறையே சிரித்தது. அடுத்த தகடு எடுக்கத் திரும்பியவர் எங்கள் முகங்களைப் பார்த்து, ஏதோ நகைச்சுவை என்று அவரும் சேர்ந்து சிரித்தார்.

முதலாளியம்மா அவர் முன்னால் வந்து வாயை அகலத் திறந்து, கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள்: "வேலை கொறஞ்சுபோச்சு, சிப்ரியானோ. நாளைலேருந்து வேணாம்." தகட்டைப் பற்றி மூச்சு விடவில்லை. அந்த அளவுக்கு நல்ல மனசாம், பிறகு அவளே சொல்லிக்கொண்டாள்.

அவரைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் நானும் கிளம்பினேன். தெருமுனைக்கு வந்த வண்டி, பாழாய்ப்போனது, ஒனோஃப்ரேயுடையது. நான் தயங்குவதற்குள் சிப்ரியானோ ஏறி, படிக்குப் பக்கத்தில் தகடு வெறுமையாகத் தெரிகிற இடத்தில் உட்கார்ந்துவிட்டார். வண்டி புறப்பட்டதுமே தகடு ஆரம்பித்தது. எதிரே உட்கார்ந்த பெண் முகம் சுளித்தாள்.

"நம்ம தகடுதான?" என்று சிப்ரியானோ பூரித்துப்போய்க் கேட்டார். காது கேட்காதவர் குரல், வண்டி முழுக்கக் கேட்டது. "வேலை இல்லன்னு அனுப்பிட்டா. வேலை மோசம்னு அனுப்பலியே! சத்தம் கித்தம் ஏதாவது வருதா, சொல்லு."

இல்லை என்று தலையாட்டினேன். வேறென்ன செய்யச் சொல்கிறீர்கள்?

குழந்தையின் முதுகைத் தடவுகிற மாதிரி தன் வரம்பின்மேல் உள்ளங்கையை வைத்தார். அப்போது ஒரு பள்ளம் வந்தது. உள்ளங்கைக்கடியில் தகடு துள்ளியது.

கையை எடுக்கவில்லை. அடுத்த பள்ளம் வரும்வரை காத்திருந்தார். அதுவும் வந்தது. என்னைப் பார்த்தார். கூரையைக் கைமுட்டியால் தட்டி வண்டியை நிறுத்தி இறங்கினார். அவர் வீட்டுக்கு இன்னும் வெகுதூரம்.

"அண்ணே!" என்று கத்தினேன். யாருக்குக் கேட்கும்? ஒனோஃப்ரே வண்டியை எடுத்தான். தகடு டொக்கென்றது.