சக்கரத்துக்குள் அஞ்சு கல்

கடக். ஒரு மூச்சு இடைவெளி. மறுபடியும் கடக். போன வாரம் வேகத்தடைக்கு முன்னால் காரை மெதுவாக்கியபோது இடது முன்சக்கரத்திலிருந்து வந்தது அந்தச் சத்தம். நேரே ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். "வேகமாப் போறப்ப வருதுங்களா, மெதுவாப் போறப்ப வருதுங்களா?" என்று கேட்டார் மெக்கானிக். மெதுவாகப் போகும்போதுதான் என்றேன். "அப்ப பேரிங் இல்லீங்க, பயப்படாதீங்க" என்று அவர் சக்கரத்தருகே குந்த, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஐம்பதை நெருங்கும் பெண்மணி கிரீஸ் வாசத்துக்கு நடுவே தனியாகச் சிரித்தால் என்ன நினைப்பார்களோ, நினைத்துக்கொள்ளட்டும். நான் அங்கே இல்லை. எனக்கு ஒன்பது வயது. ஆவணி முதல் தேதி. எங்கள் வெள்ளை அம்பாசிடரின் பின்சீட்டில் அத்தையின் தோளில் சாய்ந்திருக்கிறேன்.

அத்தை, அப்பாவின் ஒரே தங்கை. அந்த வைகாசியில்தான் உடுமலைப்பேட்டையில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஆடிக்குப் புதுப்பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அழைக்கிற வழக்கப்படி வந்தவள், மாதம் முழுக்க என்னோடு அஞ்சாங்கல் ஆடித் தீர்த்தாள். பூண்டியில் சிலை செதுக்கும் பட்டறை வாசலில் நாங்கள் பொறுக்கிய கருங்கல் சில்லுகள் அவை, ஆடி ஆடி மழமழப்பாகியிருந்தன. புறப்படுவதற்கு முந்தின நாள் அவற்றைக் காணோம். "எங்கியோ உழுந்திருச்சு கண்ணு" என்று சொல்லிவிட்டு அத்தை வாளியை எடுத்துக்கொண்டு கார் கழுவப் போய்விட்டாள். அதுவரை அவள் கார் கழுவி நான் பார்த்ததில்லை.

ஆவணி ஒன்றாம் தேதி மத்தியானச் சோற்றுக்குள் கொண்டுவந்து விடுவதாகச் சம்பந்தி வீட்டில் அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். அப்பா வாக்கு மாறமாட்டார், பொய்யும் சொல்லமாட்டார். அவருக்கு இருந்த பெருமை ஒன்றே ஒன்று, காது. பனியன் துணி பின்னும் எங்கள் நிட்டிங் பட்டறை வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "மூணாவது மிஷின்ல ஊசி ஒடஞ்சிருக்குது" என்பார். போய்ப் பார்த்தால் உடைந்திருக்கும்.

அந்தக் காதுக்குத்தான் சோதனை வந்தது. கார் தெருமுனையைத் தாண்டவில்லை, கடக். அப்பா ரேடியோவை நிறுத்தினார். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு ஓட்டினார். பிரேக்கை மிதித்தார், ஸ்டீரிங்கை அந்தப் பக்கம் ஒடித்தார், இந்தப் பக்கம் ஒடித்தார். சத்தம் அசையவில்லை. "ஒரு சுத்துக்கு ஒரு தட்டு, ஒத்தை ஊசி ஒடஞ்சாப்புலயே இருக்குது" என்று முனகினார். மெயின் ரோட்டில் வேகம் பிடித்ததும் சத்தம் மாயமாகிவிட்டது. மெதுவாக்கினால், வந்தேன் பார் என்று கடக்.

"போற வழியில நின்னுருச்சுன்னா என்னுங்ணா பண்றது?" என்றாள் அத்தை, தெருவைப் பார்த்துக்கொண்டே.

அப்பா காரைத் திருப்பினார்.

வாசலில் ஜாக்கி வைத்துத் தூக்கினார். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார், ஆட்டம் இல்லை. கையால் சுற்றிக் காதைக் கொடுத்தார். அப்புறம் ஸ்பேனர் முனையை விட்டு நெம்பி, சக்கரத்தின் நடுவை மூடியிருந்த வீல் கப்பைக் கழற்றினார். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றிருந்த நான் பார்த்தேன். அவர் உள்ளங்கையில் எங்கள் அஞ்சு கல்.

அப்பா கற்களைப் பார்த்தார். நிமிர்ந்து வீட்டு ஜன்னலைப் பார்த்தார். ஒவ்வொன்றாகத் திரும்பக் கப்புக்குள் போட்டு, குத்தி மாட்டினார். ஜாக்கியை இறக்கி, தெருவை ஒரு சுற்று சுற்றிவந்தார். கடக், கடக். திருப்தியாக உள்ளே போய் அத்தையின் மாமனாருக்குப் போன் போட்டார்.

"சக்கரத்துல சத்தமுங்க மாமா. ஆமாங்க, இப்பக்கூட கேட்டுட்டுத்தான் வாறேன். இதோட புள்ளைய அத்தன தூரம் கூட்டிட்டு வர மனசு வல்லீங்க. நாளைக்கு வந்தர்றமுங்க."

"ஊசி ஒடஞ்சதக் கண்டுபுடிக்கற காதுக்கு, சக்கரத்துல என்னன்னு தெரியலியாக்கும்?" என்றாள் அம்மா. அப்பா துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு, "தெரியலியே" என்கிற மாதிரி தலையை மட்டும் ஆட்டினார். பின்னால் பல வருஷம் எங்கே என்ன சத்தம் கேட்டாலும் அம்மா அப்பாவின் காதைத்தான் வம்புக்கு இழுப்பாள். அவர் ஒரு நாளும் வாய் திறக்கவில்லை.

நான் அடுக்களைக்கு ஓடி அத்தையிடம் குற்றத்தை அறிவித்தேன். "கல்ல அப்பாதான் திருடி ஒளிச்சு வெச்சிருக்கறாரு! நான் பார்த்தேன்!" அத்தை என் வாயைப் பொத்தினாள். அவள் முகம் சிவந்தது, கண் கலங்கியது, அப்புறம் எதற்கென்று இல்லாமல் சிரித்தாள். அன்றைக்கு முழுக்கப் புளியங்கொட்டையை வைத்து ஆடினோம். ஒவ்வொரு ஆட்டத்திலும் என்னை ஜெயிக்க விட்டாள். எனக்கு அப்பா மேல்தான் கோபம். படிக்கிற பிள்ளை விளையாடக் கூடாதென்று சக்கரத்துக்குள் கொண்டுபோய் ஒளிப்பாரா ஒருவர்?

மறுநாள் கார் பூனை மாதிரி போனது. உடுமலைப்பேட்டையில் தென்னந்தோப்புக்கு நடுவே வீடு. இறங்கியதும் இளநீர், வாய் நிறைய விசாரிப்பு. அத்தைக்கு அங்கே ஒரு குறையும் இல்லை. பிறந்த வீட்டில் ஒரு நாள் போதவில்லை, அவ்வளவுதான். அதை வாய்விட்டுக் கேட்க அவளுக்குத் தெரியவில்லை, வாய்விட்டுக் கொடுக்க அப்பாவுக்கும் தெரியவில்லை. பொய் சொல்லத் தெரியாத மனிதர், சொல்வது உண்மையாக இருக்கட்டும் என்று கல்லைத் திரும்பப் போட்டிருக்கிறார். இது எனக்குப் புரியாத வயசு. எனக்குப் புரிந்ததெல்லாம், கிளம்பும்போது அப்பா சட்டைப் பையிலிருந்து எங்கள் கற்களை எடுத்து, என்னிடம் தராமல், கார் ஜன்னல் வழியே அத்தையின் கையில் வைத்ததுதான். நான் அழ ஆயத்தமானேன். அத்தை தலை நிமிரவில்லை.

"சத்தம் நின்னுருச்சுங்ளாண்ணா?" என்றாள்.

அப்பா வண்டியைக் கிளப்பினார்.

"கல்லு உன்ற கிட்டயே இருக்கட்டும் அம்முணி. காரு எப்பக் கூப்புட்டாலும் வரும்."