பிரசவ வார்டு வேதவல்லியின் அண்ணன்

என் தங்கை வேதவல்லி உயிரோடு இருக்கும்போதே அவளுக்குத் தலைமுழுகியவன் நான். காவிரியில், அம்மா மண்டபம் படித்துறையில், உறவினர் பார்க்க, சாவுக்கு முழுகுவதுபோல் முழுகினேன். அவள் செய்த குற்றம் இதுதான்: சிறு வயதில் கைம்பெண்ணானவள், மூலையில் முடங்க மறுத்துத் திருச்சியில் நர்ஸ் படிப்பில் சேர்ந்தாள். கண்டவர் ரத்தத்தையும் துடைப்பவள் நம் அகத்துக்குள் வரக்கூடாது என்றேன். இத்தனைக்கும் நான் ஹைஸ்கூல் இங்கிலீஷ் வாத்தியார்.

சில வருஷம் கழிந்தது. ஓர் ஆடி மாதம், காவிரியில் புதுவெள்ளம். என் மனைவி கோமளம் விடிந்ததிலிருந்து பிரசவ வலியில் துடித்தாள். உச்சிப்பொழுதில் மருத்துவச்சி வெளியே வந்தாள். குழந்தை கால் முன்னாக வருகிறது, இனித் தன்னால் ஆகாது என்று கைவிரித்துவிட்டாள்.

கோயிலில் ரங்கநாயகித் தாயார் சந்நிதிக்கு ஓடினேன். ஸ்தோத்திரம் ஒன்றும் நாவில் வரவில்லை. "கோமளத்தைக் கொடு" என்று மட்டும் அழுதேன். அர்ச்சகர் மஞ்சள்காப்புப் பிரசாதத்தைக் கையில் வைத்தபோது மனத்தில் ஒரே பெயர் எழுந்தது. வேதவல்லி. தாயார் சொன்ன பதில் என்றே இன்றும் நம்புகிறேன்.

ஜட்கா பிடித்துப் பாலம் தாண்டினேன். அவள் வேலை பார்த்த திருச்சி ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டு வாசலில் தலைகுனிந்து நின்றேன். மறுப்பாள் என்று பயந்தேன். அவளோ டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டுப் பையோடு வண்டியில் ஏறினாள். வழியெல்லாம் கோமளத்தைப் பற்றியே கேட்டாள். அகத்து வாசலில்தான் நின்றாள்.

"ஸ்நானம் பண்ணிட்டு வரணுமாண்ணா, இப்படியே வரலாமா?"

"உள்ளே வாடிம்மா."

"அப்போ வழியை விட்டு நகரு. வெந்நீர் வேணும்."

பிறந்த குழந்தை அழவில்லை. வேதவல்லி அதன் வாயில் ஊதி, முதுகைத் தேய்த்து அழவைத்தாள். பெண் குழந்தை. தாயும் பிழைத்தாள்.

தொட்டிலிடுவது அத்தையின் உரிமை. ஆனால் கைம்பெண் சபையில் நிற்கலாகாது என்பது வழக்கம். தீட்டுக் கழித்துப் பெயர் வைக்கும் புண்யாஹவாசனத்தன்று வேதவல்லியை நடுக்கூடத்துக்கு அழைத்து, அவளையே பெயர் சொல்லச் சொன்னேன். சித்தப்பா குடும்பத்தோடு எழுந்து போனார். போகட்டும் என்று விட்டேன். 'ரங்கநாயகி' என்று குழந்தையின் காதில் சொன்னாள். எல்லோர் முன்னிலும் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"அதெல்லாம் இருக்கட்டும்ண்ணா. இவளைப் படிக்க வை" என்றாள்.

படிக்க வைத்தேன். வேதவல்லி பிரசவம் பார்ப்பதில் தனிப்பயிற்சி பெற்று ஹெட் நர்ஸ் ஆனாள். அவள் சம்பளம் என் சம்பளத்தைத் தாண்டிய செய்தியை ஸ்கூல் முழுக்க நானே சொல்லித் திரிந்தேன். இன்று ரங்கநாயகியும் நர்ஸ் படிக்கிறாள். குழந்தைகள் வார்டுதான் வேண்டுமாம். பிரசவ வார்டுக்கு ஈடு உண்டா என்று அத்தை சண்டை போடுகிறாள். இருவரும் வாதாடுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதைவிடப் பெரிய சுகம் எனக்கில்லை.

அடியார்களான பாகவதர்களே, தாயாரிடம் கேளுங்கள். நீங்கள் விரட்டியவரின் பெயரே பதிலாக வந்தால், தயங்காமல் ஜட்கா பிடியுங்கள்.