பாரிஸ் தெருவுக்கு நான் எழுதிய போர்டு

1. தலை மறைத்த எழுத்துகள்

போட்டோவில் கதாநாயகியின் தலை சரியாக போர்டின் நடுவில் இருந்தது. தலைக்கு இந்தப் பக்கம் மூன்று எழுத்து, அந்தப் பக்கம் நான்கு எழுத்து. நடுவில் எத்தனை எழுத்து, என்ன எழுத்து என்று அங்கே இருந்த யாருக்கும் தெரியவில்லை. மறுநாள் மாலைக்குள் முழு போர்டையும் நான் எழுதி முடிக்க வேண்டும்.

நான் போர்டு எழுதுகிறவன். பெயர் முனிரத்தினம். ஆந்திர எல்லையில் வரதய்யபாளையத்துக்கும் தடாவுக்கும் நடுவில் தொழிற்சாலைகள் வந்த பிறகு எனக்கு வேலைக்குக் குறைவில்லை. தரையில் மஞ்சள் கோடு, தீ பிடித்தால் ஓட வேண்டிய வழிக்கு அம்பு, ‘ஹெல்மெட் அணியவும்’ என்று தெலுங்கிலும் தமிழிலும் இந்தியிலும் இங்கிலீஷிலும். சினிமா வேலைக்குப் போனது அந்த ஒரு தடவைதான். புதிதாக பிரஷ் பிடிப்பவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

என்னைக் கூப்பிட்டவர் பாஸ்கர். திருப்பதிக்காரர், சினிமா யூனிட் இந்தப் பக்கம் வந்தால் ஆள், வண்டி, சாப்பாடு எல்லாம் ஏற்பாடு செய்யும் லோக்கல் மேனேஜர்.

“இந்தி லவ் படம் அண்ணா. ஐரோப்பா போயி பாட்டெல்லாம் எடுத்துக்கினு வந்துட்டாங்க. நாலு ஷாட் பாக்கி. மறுபடி அங்க போறதுக்கு ஹீரோயினுக்கு டேட் இல்ல. அதான் இங்கியே தெரு போட்டுட்டோம்” என்றார்.

இப்படி விட்டுப்போனதை வேறு இடத்தில் எடுத்து ஒட்டுவதற்கு பேட்ச் ஒர்க் என்று பெயர். தொழிற்பேட்டையில் பாதி கட்டி நின்ற ஒரு குடோனின் முன்னால், பிளைவுட்டில் நான்கு கடை முகப்புகள் போட்டிருந்தார்கள். அகலமான ரோடு. தலைக்கு மேல் கரண்ட் கம்பி கிடையாது. சுவரில் கல் மாதிரி தெரிந்ததெல்லாம் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். அந்தத் தெருவில் பாரிஸ் என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது அது ஒன்றுதான்.

ஏனென்றால் ஆர்ட் டிபார்ட்மென்ட் அசிஸ்டென்ட் அனன்யாவிடம் நான் கேட்டேன். அவர் மும்பைக்காரப் பெண். சென்னையில் படித்ததால் தமிழ் வரும்.

“மேடம், இது எந்த ஊரு தெரு?”

“கதையில பாரிஸ் அண்ணா. எடுத்தது பிராக்ல, அது வேற நாடு.”

“அப்ப போர்டு எந்த பாஷை?”

“பிராக் பாஷை.”

“பாரிஸ்ல எதுக்கு மேடம் பிராக் பாஷை?”

அவர் சிரித்தார். “அங்க பர்மிஷன் ஈஸி, செலவு கம்மி. பாலம் இருக்கு, பழைய வீடு இருக்கு, கல்லு போட்ட தெரு இருக்கு. நம்ம ஆடியன்ஸுக்கு ஐரோப்பான்னா ஐரோப்பா. யாரும் போர்ட படிக்க மாட்டாங்க.”

“யாரும் படிக்க மாட்டாங்கன்னா நடுவுல எதாச்சும் போட்டு எழுதிடட்டா?”

“ஐயோ, கூடாதுண்ணா. கன்டின்யூட்டி! அங்க எடுத்த ஷாட்டோட அப்படியே ஒத்துப்போகணும்.”

யாரும் படிக்காத போர்டை ஏன் தப்பில்லாமல் எழுத வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. பிராக்கில் எடுத்ததில் கையில் இருந்தது அந்த ஒரு போட்டோதான். தெரிந்த ஏழு எழுத்தை அவர் போனில் போட்டுப் பார்த்திருந்தார், ஒன்றும் வரவில்லை. மேப்பில் அந்த இடத்தில் இப்போது செல்போன் கடை இருந்தது. போட்டோவில் கண்ணாடிக்குப் பின்னால் வட்ட வட்டமாக மாலைகளும் பூக்கொத்துகளும் தெரிந்ததால், பூக்கடையாக இருக்கும் என்று முடிவு செய்திருந்தார்கள்.

2. தாமஸ் படித்துச் சொன்னது

தெருவில் நடக்க வெள்ளைக்காரர்கள் வேண்டும். பாஸ்கர் தொழிற்பேட்டை கெஸ்ட் ஹவுஸ்களில் அலைந்தார். கொரியாக்காரர்களும் ஜப்பான்காரர்களும் ஆசையாக வந்தார்கள். டைரக்டர் வேண்டாம் என்றுவிட்டார். கடைசியில் கிடைத்த ஐந்து பேரில் ஒருவர் தாமஸ். ஒரு கம்பெனிக்கு மிஷின் பொருத்த வந்தவர். பெயரைக் கேட்டு நம் சித்தூர் பக்கத்துக் கிறிஸ்தவர் என்று நினைத்தேன். பார்த்தால் ஆறடி உயரம், செம்பட்டை முடி. பிராக் இருக்கிற அதே தேசம்.

கோட்டுக்கு அளவு கொடுக்க வந்த தாமஸிடம் போட்டோவைக் காட்டினேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. என் நோட்டை வாங்கி முழுவதையும் எழுதினார். இரண்டு வார்த்தை. நடுவில் ஆர் எழுத்தின் தலையில் ஒரு கொக்கி, குருவி உட்கார்ந்த மாதிரி.

“ஃப்ளவர் ஷாப்?” என்று கேட்டேன்.

இல்லை என்று அவர் தலையை ஆட்டினார். கண்ணை மூடி, கைகளை நெஞ்சில் குறுக்காக வைத்துக் காட்டினார். பிறகு இங்கிலீஷில் சொன்னார். சவ அடக்கம் செய்து கொடுக்கிற கடை. பெட்டி, வண்டி, மாலை எல்லாம் அங்கே கிடைக்குமாம்.

ஹீரோ ஹீரோயினைக் கட்டிப்பிடித்து ‘ஜென்மம் முழுக்க நீதான்’ என்று பாடுவது அந்தக் கடை வாசலில்தான்.

பாஸ்கரிடம் ஓடினேன். கேட்டதும் சுற்றும்முற்றும் பார்த்தார்.

“வத்து அண்ணா, வேணாம்! யாருகிட்டயும் சொல்லாத. சாவுக் கடைன்னு ஹீரோவுக்குத் தெரிஞ்சா கேரவன்லேர்ந்து எறங்கமாட்டாரு. பாட்டு மொத்தமும் போச்சு. நீ எழுத்த எழுதிட்டுப் போய்க்கினே இரு.”

எழுதினேன். பழுப்பு நிறத்தில் மஞ்சள் எழுத்து. எழுத்து கிடைத்துவிட்டது என்பதிலேயே அனன்யாவுக்கு ரொம்ப சந்தோஷம். அர்த்தம் என்ன என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஷூட்டிங் முடிந்தது. தடா வெயிலில் ஹீரோயின் கம்பளிக் கோட்டு போட்டுக்கொண்டு, குளிரில் நடுங்குவதுபோல் நடித்தார். கோட்டுக்குள் பேட்டரி ஃபேன் ஓடியது. எடிட்டிங்கில் பார்த்துவிட்டுச் சொல்வதாகவும், அதுவரை செட்டைக் கலைக்க வேண்டாம் என்றும் சொல்லிவிட்டு எல்லோரும் கிளம்பினார்கள்.

3. ரேவதியின் போட்டோ

என் மகள் ரேவதி அதே தொழிற்பேட்டையில் செல்போன் பாகம் செய்யும் கம்பெனியில் வேலை செய்தாள். கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை தில்லிபாபு திருப்பதியிலிருந்து திருமலைக்கு வேன் ஓட்டுகிறவர். ஷூட்டிங் முடிந்த அன்று சாயந்திரம் அவள் சொன்னாள்:

“நைனா, அந்தத் தெருவுல எங்க ரெண்டு பேருக்கும் கல்யாண போட்டோ எடுக்கணும். பாஸ்கர் மாமாவ கேட்டுட்டேன், சரின்னுட்டாரு. கேமராக்காரரு செவ்வாக்கெழம வராரு.”

“அங்க இன்னாத்துக்கு? காளாஸ்திரி ரோட்டுல தோப்புல எடுத்துக்கலாமே.”

“தோப்புல எல்லாரும் எடுக்கறாங்க. அந்தப் பூக்கடைக்கி முன்னால நின்னா அப்படியே வெளிநாடு மாதிரியே கீது. அதான் கல்யாண ஃபிளெக்ஸ்ல வரணும்.”

பூக்கடை. என் கையால் எழுதிய போர்டு. அதன் கீழே என் பெண்ணும் மாப்பிள்ளையும். அதைப் பெரிதாக்கி மண்டப வாசலில் நிறுத்துவார்கள்.

வேண்டாம் என்றேன். காரணம் கேட்டாள். சொல்ல வாய் வரவில்லை. மாப்பிள்ளை வீட்டுக்குச் சேதி போனால் அபசகுனம் என்று பேச்சாகும். யாரிடமும் சொல்லாதே என்று பாஸ்கர் வேறு சொல்லியிருந்தார். அவள் அழுதாள். “சம்பாரிக்கிற பொண்ணு ஒரு போட்டோ கேட்டா கூட உனுக்குப் புடிக்கல” என்றாள். அன்று வீட்டில் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

திங்கள் காலை தாமஸின் கெஸ்ட் ஹவுஸுக்குப் போனேன். உங்கள் பாஷையில் ஒரு நல்ல கடையின் பெயர் சொல்லுங்கள் என்றேன். யோசித்துவிட்டு ரொட்டிக் கடை என்பதை எழுதிக் கொடுத்தார். அதிலும் முதல் எழுத்து பி. கொக்கி போட்ட ஆரும் இருந்தது. பியை விட்டுவிட்டு மீதியைப் பழுப்பு அடித்து மறைத்தேன். உலர்ந்ததும் ரொட்டிக் கடை என்று எழுதினேன். சாயந்திரம் ரேவதியிடம், அங்கேயே எடுத்துக்கொள் என்றேன்.

செவ்வாய்க்கிழமை போட்டோ எடுத்தார்கள். ரேவதி சிரித்துக்கொண்டே இருந்தாள். எனக்குத்தான் நான் செய்தது சரியா தப்பா என்று தெரியவில்லை. ஒருவர் செட்டில் அவரைக் கேட்காமல் கை வைப்பது எங்கள் தொழிலில் பெரிய தப்பு.

4. ஒன்றரை மணி நேரம்

புதன்கிழமை காலை அனன்யாவிடமிருந்து போன்.

“அண்ணா, எங்க இருக்கீங்க? ஒரு ஷாட் ஃபோகஸ் இல்லயாம். திரும்ப எடுக்க ஏர்போர்ட்லேர்ந்து எல்லாரும் வந்துக்கிட்டிருக்காங்க. நான் செட்லதான் நிக்கிறேன். போர்டு ஏன் மாறியிருக்கு?”

சைக்கிளில் போய் இறங்கினேன். அனன்யா போர்டின் கீழேயே நின்றிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். சவ அடக்கக் கடை, பாஸ்கர் சொன்னது, ரேவதி, தாமஸ், ரொட்டி. திட்டுவார் என்று நினைத்தேன். அவர் பிளைவுட் படியில் உட்கார்ந்துவிட்டார்.

“நாலு மாசமா இந்தப் பாட்டுல வேலை செய்யறேன்” என்றார். “எனக்கே தெரியாது.”

பிறகு எழுந்து, “பாட்டு மொத்தமும் பழைய போர்டோட இருக்குண்ணா. ஒன்றரை மணி நேரத்துல எழுத முடியுமா?” என்றார்.

ஏணியில் ஏறினேன். பெயின்ட் உலர அனன்யா ஒரு பெடஸ்டல் ஃபேனைத் தூக்கிப் பிடித்தார். கடைசி எழுத்து முடிக்கும்போது கம்பெனி பஸ் ஒன்று மெதுவாகப் போனது. ஜன்னலில் ரேவதி. அவள் போட்டோ எடுத்த போர்டை அவளுடைய அப்பாவே அழித்து வேறு எழுதுவதைப் பார்த்துக்கொண்டே போனாள்.

சாயந்திரம் வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். இந்தத் தடவை மறைக்கவில்லை. முழுதும் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

“மொதல்லயே சொல்லியிருந்தா வேற எடத்துல எடுத்துக்கினு இருப்பேனே நைனா. எங்கிட்ட பேசாம இருந்தியே, அதுக்கு எடம் மாத்தறது பரவால்ல.”

உடனே தில்லிபாபுவுக்குப் போன் போட்டு அவளே எல்லாவற்றையும் சொன்னாள். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் எனக்கே கேட்டது. அவள் போனை என் காதில் வைத்தாள். “ரொட்டிதானே மாமா, துன்றதுதானே, நல்லதுதான்” என்றார் என் மாப்பிள்ளை. அந்தப் போட்டோவே ஃபிளெக்ஸில் வந்தது.

5. தியேட்டரில்

படம் வந்தபோது திருப்பதியில் நானும் ரேவதியும் மாப்பிள்ளையும் போய்ப் பார்த்தோம். ‘பாரிஸ்’ என்று திரையில் எழுத்து வந்தது. பாட்டு வந்தது. ஒரு பாலம், ஒரு தேவாலயம், ஒரு தெரு. போர்டு வருகிற இடத்தில் நான் சீட்டின் நுனிக்கு வந்தேன். ஹீரோ ஹீரோயின் முகம் மட்டும் பளிச்சென்று இருந்தது. பின்னால் பழுப்பில் மஞ்சளாக ஏதோ கலங்கியிருந்தது. ஒரு எழுத்துகூடத் தெரியவில்லை.

“நைனா, இதுல எது அந்த ஊரு, எது நம்முளுது?” என்று ரேவதி காதோரம் கேட்டாள்.

மூன்று தடவை அந்த போர்டில் பிரஷ் வைத்தவன் நான். “தெரியலம்மா” என்றேன். உண்மையாகவே தெரியவில்லை.

எதை எழுதச் சொன்னாலும் எழுதும் முன் அர்த்தம் கேளுங்கள். தெரிந்துகொண்டதை, அது யாரைத் தொடுமோ அவர்களிடம் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். முதலாவதை நான் செய்தேன். இரண்டாவதைச் செய்யாமல் விட்டதில், என் மகளை ஒரு நாள் அழவைத்தேன்.