அந்தப் பேப்பர் எந்தக் கப்பலுடையது

எனக்குப் பயம் வந்தால் அழுகை வராது, கோபம்தான் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்று என்னிடம் திட்டு வாங்கியவர்களில் பாதிப் பேர் ஒரு தப்பும் செய்யாதவர்கள்.

தூத்துக்குடி துறைமுகத்துக்கு வருகிற சரக்குக்குக் கஸ்டம்ஸ் வேலைகளை முடித்துக் கொடுக்கும் ஒரு சின்ன கிளியரிங் ஆபீசில் எனக்கு வேலை. என் வீட்டுக்காரர் ஹார்பர் ரோட்டில் ஒரு கன்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர். கன்டெய்னரை இங்கே பெட்டி என்றுதான் சொல்வோம். நாங்கள் பேப்பரைப் பார்த்துச் சொல்வோம், அவர்கள் பெட்டியைத் திறப்பார்கள். வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலும் இந்தப் பேச்சுதான்.

ஆபீஸ் கம்ப்யூட்டரில் வருஷத்துக்கு ஒரு ஃபோல்டர், அதற்குள் கப்பலுக்கு ஒரு ஃபோல்டர், அதற்குள் பெட்டிகளின் பேப்பர்கள். ஒன்றைத் தேடி எடுப்பதற்குள் பார்ட்டி போன் மேல் போன் போட்டு உயிரை வாங்குவான். பொறுக்க முடியாமல் நானே யூடியூபில் யாரோ இந்திக்காரப் பையன் சொல்லித் தருவதைப் பார்த்து, நோட்பேடில் சில வரிகள் எழுதி ஒரு ஸ்கிரிப்ட் செய்தேன். பெட்டி நம்பரின் கடைசி நாலு எண்ணையும் என்ன பேப்பர் என்பதையும் அடித்தால் போதும். எல்லா வருஷத்தையும் அதுவே துழாவி அந்தப் பேப்பரைத் திறந்து காட்டும். துறைமுகத்தில் எவரும் முழு நம்பரைச் சொல்வதில்லை, கடைசி நாலுதான். ஆபீசே என்னைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டது. எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் வந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒரு குறை இருந்தது. பேப்பர் திறக்கும், அது எந்த ஃபோல்டரில் கிடக்கிறது என்று தெரியாது. கூட இருக்கும் மற்ற பேப்பர்கள் வேண்டுமென்றால் மறுபடியும் தேட வேண்டும். அதனால், பேப்பரைத் திறக்காமல், அது இருக்கும் ஃபோல்டரைத் திறந்து அதற்குள் அந்தப் பேப்பரை மட்டும் நிறம் போட்டுக் காட்டும்படி மாற்ற நினைத்தேன். கட்டளையில் ஒரு கமா விட்டுப்போனால் சம்பந்தமே இல்லாமல் டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டர் திறந்து பல்லிளிக்கும். அன்று காலை முழுக்க அதோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

பக்கத்து மேஜையில் சாத்தான்குளத்து அண்ணாச்சி. நான் சேர்வதற்கு முன்பிருந்தே அந்த ஆபீசில் இருக்கிறவர். அவருடைய கம்ப்யூட்டரில் என் பழைய ஸ்கிரிப்ட். யார்டிலிருந்து போன் வந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த முந்திரிக்கொட்டைப் பெட்டி. பூச்சி விழாமல் இருக்க அங்கேயே மருந்து மாத்திரை வைத்துப் பூட்டி அனுப்புவார்கள். அது வழியெல்லாம் விஷவாயுவாகக் கசிந்து உள்ளே நிற்கும். இங்கே கதவைத் திறந்துபோட்டு, மீட்டர் வைத்துப் பார்த்து, வாயு போய்விட்டது என்று மருந்துக் கம்பெனி ஒரு பேப்பர் கொடுக்க வேண்டும். கேஸ் பேப்பர் என்போம். அது இல்லாமல் யாரும் உள்ளே ஏறக் கூடாது.

அண்ணாச்சி நாலு எண்ணைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே அடித்தார். பேப்பர் திறந்தது. பெட்டி நம்பரை ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பார்த்தார். எல்லாம் சரி.

"கேஸ் பேப்பர் இருக்கு. கிளியர்தான். ஏறச் சொல்லும்" என்றார்.

அவர் போனை வைத்துவிட்டுக் காப்பி குடிக்க எழுந்து போனார். எனக்குக் கமா அப்போதுதான் ஒழுங்காக உட்கார்ந்திருந்தது. சோதித்துப் பார்க்க ஒரு நம்பர் வேண்டும். காதில் விழுந்த அதே நாலு எண்ணை அடித்தேன்.

ஃபோல்டர் திறந்தது, கேஸ் பேப்பர் நீல நிறத்தில் மின்னியது. முதல் சந்தோஷம் எனக்கு அதுதான், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். பிறகுதான் மேலே பார்த்தேன். போன வருஷத்து ஃபோல்டர். கப்பல் வேறு. சுற்றியிருந்த பேப்பர்கள் எல்லாம் தேக்குத் தடிக்கு. அதற்கும் மருந்து வைத்துத்தான் அனுப்புவார்கள்.

பெட்டி ஊர் ஊராகச் சுற்றும். சரக்கை இறக்கிவிட்டுப் போனது வேறு சரக்கோடு வேறு கப்பலில் இதே துறைமுகத்துக்கு வரும். இரும்பு அதே இரும்பு, நம்பர் அதே நம்பர். அண்ணாச்சி பார்த்தது போன வருஷம் அந்தப் பெட்டிக்குக் கொடுத்த பேப்பர். தேதி மேல் ரப்பர் ஸ்டாம்ப் அப்பியிருந்தது. இந்த முந்திரிக் கப்பலின் ஃபோல்டரை அவசரமாகத் திறந்தேன். பில் இருந்தது, மற்றதெல்லாம் இருந்தது. கேஸ் பேப்பர் இல்லை.

அந்த யார்டில் முந்திரிப் பெட்டிக்குள் ஏறுகிற ஆள் யார் என்று நான் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. மூட்டைகளுக்கு மேலே கிடைக்கும் இடைவெளியில் தவழ்ந்து உள்ளே போய் சாம்பிள் எடுப்பது என் வீட்டுக்காரரின் வேலை.

அவருக்குப் போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. நாலு பக்கமும் இரும்பு, உள்ளே போனால் சிக்னல் கிடைக்காது. அப்படியென்றால் உள்ளேதான் இருக்கிறார். மறுபடி போட்டேன். அந்தப் பெண்குரல் நிதானமாக அதையே சொன்னது. அவளைக்கூடத் திட்டினேன்.

யார்டு கேட்டுக்குப் போட்டேன். செக்யூரிட்டி எடுத்தார்.

"முந்திரிப் பெட்டில ஏறுன ஆளை வெளிய கூப்பிடுங்க. கேஸ் இருக்கு."

"யாரு பேசுதது? நான் கேட்டை விட்டுட்டு எப்படிம்மா போக? லாரி நிக்குதுல்லா."

"லாரி நிக்கட்டும்யா. உள்ள ஆளு செத்துருவாரு. ஓடும்."

போன் அறுந்துபோனது. அவர் ஓடினாரா, லாரிக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருக்கிறாரா, எதுவும் தெரியவில்லை. காப்பி டம்ளரோடு வந்த அண்ணாச்சியிடம் திரையைக் காட்டிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். "தங்கச்சி, நம்பர் சரியாத்தான இருந்துது" என்று பின்னால் அவர் குரல் கேட்டது. நம்பர் சரியாகத்தான் இருந்தது. அதுதான் வினை.

அந்த ரோட்டில் டிரெய்லர்களுக்கு நடுவே ஸ்கூட்டர் ஓட்ட எனக்கு எப்போதும் பயம். அன்று எந்த டிரெய்லரும் கண்ணில் படவில்லை. இருபுறமும் உப்பளத்து வெளிச்சம் கண்ணைக் குத்தியது. வேறொரு யார்டில் முன்பு ஒரு லோடுமேன் இப்படி ஏறியதையும், மூட்டை மேல் தூங்குகிறான் என்று கூட இருந்தவர்கள் நினைத்ததையும் என் வீட்டுக்காரர்தான் ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார். அவர் இப்போது தூங்குகிற மாதிரி கிடப்பாரோ என்று தோன்றியது. மாதாவே, பிள்ளையாரே என்று வாயில் வந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன். நாங்கள் இந்துக் குடும்பம். அந்த நேரத்தில் யார் எடுத்தாலும் சரி என்றிருந்தது.

போய்ச் சேர்ந்தபோது அவர் ஒரு டிரெய்லர் நிழலில் உட்கார்ந்திருந்தார். தலையில் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். கண் சிவந்து, சட்டையெல்லாம் வாந்தி. செக்யூரிட்டி கேட்டைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடியிருக்கிறார். கூப்பிட்ட சத்தம் கேட்டு இவர் தவழ்ந்தே பின்னால் வந்து, வாசலில் விழுந்ததை நாலு பேர் பிடித்து இறக்கியிருக்கிறார்கள். மருந்துக் கம்பெனி ஆள் அப்போதுதான் வந்து பெட்டி வாசலில் மீட்டரை நீட்டினார். அது நிற்காமல் கூவியது.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். நெஞ்சில் ஒன்றும் இல்லை, ஒரு நாள் இருந்துவிட்டுப் போகட்டும் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. மூச்சு வந்ததும் கோபமும் வந்தது.

"பேப்பர் வந்தாலும் நீங்க நம்ப மாட்டீங்களே. மீட்டர்காரனை வரவச்சு கண்ணால பாத்தாத்தான் ஏறுவீங்க. இன்னைக்கு மட்டும் என்ன கேடு வந்துது? அவன் வாரதுக்குள்ள எதுக்கு ஏறுனீங்க?"

அவர் மூக்கில் இருந்த குழாயைக் கொஞ்சம் நகர்த்திவிட்டுச் சிரித்தார்.

"ஏளா, அண்ணாச்சி யார்டுக்குச் சொன்னத நான் பக்கத்துல நின்னு கேட்டேன். ஒன் புரோகிராம்லதான் பாத்திருப்பாரு. நீ எழுதுனதுல தப்பு வருமா? அதான் மீட்டர் எதுக்குன்னு ஏறிட்டேன். இனிமேலும் அப்படித்தான்..."

அவர் அதைப் பெருமையாகத்தான் சொன்னார். பக்கத்துக் கட்டில்காரர்கள் பார்க்கிறார்களே என்றுகூட நினைக்காமல், பயந்துபோய் அவர் வாயைப் பொத்தினேன்.