காலால் பிறந்தவர் முதுகு

மசாஜ் ரூமுக்கு வேலைக்கு வர்ற பொண்ணுங்களுக்கு என்மேல ஒரு புகார். முதுகுன்னு வந்துட்டா கிழவி நம்மளைத் தொட விடமாட்டா, முதுகெலும்பைக் கணு கணுவா தட்டிப் பாத்துக்கினே நிப்பான்னு. திட்டுங்கடி. ஆனா கரீம் பாய் கதையைக் கேட்டுட்டு அப்புறம் திட்டுங்க.

வேலூர்ல எங்க ஆஸ்பத்திரியில அப்போ மசாஜ் தெரிஞ்சவ நான் ஒருத்திதான். ஆம்பூர்ல தோல் பதனிடுற ஷாப்புங்கள்லேருந்து வருவாங்க. சுண்ணாம்புக் குழியிலேருந்து ஈரத்தோலை நாள் முழுக்கக் குனிஞ்சு இழுக்கிற ஜனம், இடுப்பு பிடிக்காம இன்னா பண்ணும்? ஷாப்புல அதுக்கு ஒரு வைத்தியம் இருந்தது. தாய் வயித்திலேருந்து தலைக்குப் பதிலா கால் முன்னால வந்து பிறந்தவங்க மிதிச்சா சுளுக்கு போய்டுமாம். ஆளைக் குப்புறப் படுக்க வெச்சு முதுகு மேல ஏறி நிப்பாங்க. மடக்குன்னு சத்தம் கேக்கும், அவன் எழுந்து வேலைக்குப் போய்டுவான். பொய் சொல்லக் கூடாது, பல பேருக்கு நல்லாவும் ஆச்சு.

ஒரு ஷாப்புல அப்படி மிதிக்கிறவர்தான் கரீம் பாய். அவருக்கே முதுகு பிடிச்சுக்கிச்சு. தன் முதுகைத் தானே மிதிச்சுக்க முடியுமா? நானும் காலால் பிறந்தவதான்னு எந்த வாயோ அவர்கிட்ட சொல்லியிருக்கு. சம்சாரம் பீவியைக் கூட்டிக்கினு, கம்பை ஊனிக்கினு சிரிச்ச முகமா வந்தார். நாம ரெண்டு பேரும் ஒரே ஜாதி சிஸ்டர், ஒரு மிதி மிதிங்க, சாயந்திர ரயிலுக்குப் போய்டறேன்னார்.

படுக்க வெச்சு விரலை ஓட்டினேன். வரிசையில ஒரு கணு மட்டும் துருத்திக்கினு இருந்தது. லேசாத் தட்டினேன், மனுஷன் துடிச்சுப் போய்ட்டார். உள்ளங்கால்ல கோடு இழுத்துப் பாத்தேன். கட்டைவிரல் கீழே மடங்கணும், மேலே நிமிர்ந்துச்சு. தண்டுவடத்துல கோளாறுன்னாத்தான் அப்படி நிமிரும், டாக்டரம்மாகிட்ட ஓடினேன்.

டாக்டரம்மா எக்ஸ்ரே எடுத்தாங்க. எலும்புல க்ஷயம், டி.பி. ரெண்டு கணுவோட முன்பக்கம் செல்லரிச்ச மரமாட்டம் கரைஞ்சு கிடந்தது. அது சரிஞ்சா பின்னால ஓடுற தண்டுவடம் நசுங்கும், அசையாம பிளாஸ்டர்ல மாசக்கணக்கா படுக்கணும்னாங்க. பாய் ஒத்துக்கல. வேலை போய்டும், வீட்டுல அடுப்பு எரியாது, ஒரு மிதி போதும்னு என்கிட்டயே திரும்பினார். எனக்குக் கோவம் தலைக்கேறிடுச்சு.

"பாய், இந்த முதுகை மிதிச்சா அப்பவே ரெண்டு காலும் போய்டும். உங்களைத் தூக்கிக்கினுதான் போவணும்."

அவர் முகம் வெளுத்துப் போச்சு. பீவி தண்ணி நீட்டினாங்க, வாங்கல. என் முகத்தைப் பாத்து கேட்டார்.

"எங்க ஷாப்புல முனுசாமிக்கும் இப்டி ஒரு கணு துருத்திக்கினு இருந்தது. நான்தான் மிதிச்சு உள்ள தள்ளினேன். அன்னிலேருந்து அவன் எழுந்திருக்கல. காத்து கருப்புன்னாங்க. அது என் கால் பண்ணினதா சிஸ்டர்?"

முனுசாமி முதுகையும் பாக்கணும்னாங்க டாக்டரம்மா.

முனுசாமியைக் கொண்டாந்தாத்தான் நான் படுப்பேன்னு பிடிவாதம் பிடிச்சார். கயித்துக் கட்டிலோட தூக்கிட்டு வந்தாங்க. அவனுக்கும் அதே நோய்தான். பக்கத்துப் பக்கத்துப் படுக்கை. கால் போனது தன் மிதியாலதான்னு கரீம் பாயே அவன்கிட்ட சொன்னார், நான் அங்கதான் இருந்தேன்.

"நான்தான பாய் உன்னைக் கூப்ட்டேன்"னான் முனுசாமி. அப்புறம் சுவர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கினான்.

கரீம் பாய் பிற்பாடு நடந்தேதான் ஊருக்குப் போனார். முனுசாமிக்குக் கால் வரவேயில்ல. ஷாப்புல யார் இடுப்பைப் பிடிச்சுக்கினு கூப்பிட்டாலும் அதுக்கப்புறம் பாய் மிதிக்கச் செருப்பைக் கழட்டல, எங்ககிட்ட அனுப்பிடுவார்.

அதனாலதான் சொல்றேன், அழுத்தறதுக்கு முன்னாடி தட்டிப் பாருங்கடி. ரெண்டு பேருக்கும் ஒரே நோய், ஒரே கணு. ஒருத்தர் என்கிட்ட வந்தார், இன்னொருத்தன் அவர்கிட்ட போனான். வித்தியாசம் அவ்வளவுதான்.