பன்னிரண்டாவது ஆள்

லொரெய்ன் ஹூக்ஸ்ட்ராவிடம் திட்டு வாங்காதவர் எங்கள் ஊரில் யாரும் இல்லை. இருபத்தொன்பது வருடம் பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்தில் கரண்டி பிடித்தவர். தட்டில் பட்டாணியை ஒதுக்கி வைத்தால் போதும், "யாருக்குடா மிச்சம் வைக்கிற, உங்க வீட்டு நாய்க்கா?" என்று வரிசை முழுக்கக் கேட்கும்படி கேட்பார். எனக்கு நாற்பத்தேழு வயதாகியும், அவரைப் பார்த்தால் என் கை தானாகத் தட்டைத் துழாவும்.

மூன்று வருடம் முன்பு எங்கள் வட்டார ஆஸ்பத்திரியை மூடினார்கள். அடுத்த நவம்பரில் அவர் கணவர் டுவேனுக்கு நெஞ்சு வலித்தது. பக்கத்து ஆஸ்பத்திரி நாற்பத்தெட்டு மைல். ஆம்புலன்ஸ் ஆற்றுப் பாலத்தைத் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு லொரெய்னுக்குப் பேச்சு, மூச்சு எல்லாம் ஆஸ்பத்திரிதான்.

அந்தக் குளிர்காலத்தில் எங்கள் கட்சிக்குள்ளேயே ஜனாதிபதி வேட்பாளருக்கான போட்டி வந்தது. கவர்னர் மோர்ஸ் அம்மா ஒரு பக்கம், செனட்டர் ஹார்ட்விக் ஒரு பக்கம், நடுவில் இரண்டு மூன்று சில்லறைகள். மூடிய ஆஸ்பத்திரிகளைத் திறக்க மோர்ஸ் அம்மா ஒரு திட்டம் எழுதி வைத்திருந்தார். லொரெய்ன் அதை வரிக்கு வரி கோடு போட்டுப் படித்துவிட்டு, எங்கள் வட்டத்தில் அவருக்குத் தலைமை ஏற்றார். நானும் அந்தப் பக்கம்தான். ஹார்ட்விக்குக்குத் தலைமை ஆர்லீன் வோஸ்.

லொரெய்னும் ஆர்லீனும் இருபது வருடமாகத் தேவாலயச் சமையலறையில் சாவுச் சாப்பாடு சேர்ந்து சமைத்தவர்கள். அந்த ஜனவரியில் ஒரே அடுப்படியில் ஆளுக்கொரு பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு உருளைக்கிழங்கு வேகவைத்தார்கள். ஆர்லீன் வீட்டு வாசலில் நட்டிருந்த ஹார்ட்விக் பலகை மேல் யாரோ வண்டியை ஏற்றிவிட்டார்கள். பழி எங்கள் பக்கம் வந்தது. செத்தவரே எழுந்து வந்து சமாதானம் பேசியிருந்தாலும் எடுபட்டிருக்காது.

ஓட்டுக்கு ஒரு வாரம் முன்பு எங்கள் பிரசார அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் கட்டு வந்தது. 'உங்கள் ஆஸ்பத்திரியை மூடியவர் ஹார்ட்விக்.' லொரெய்ன் என் சமையலறையில் நின்றபடியே படித்தார்.

"இது பொய், மைலோ."

"அரசியல்ல இதெல்லாம் சகஜம்தானே."

"மூடுன அன்னிக்கு ஆலங்கட்டி மழையில எங்ககூட வாசல்ல நின்னது யாரு? அந்த ஆளு. தலையில ஒரு தொப்பிகூட இல்ல. நம்ம கவர்னரம்மா எங்க இருந்தாங்க?"

"அப்ப அந்த ஆளு பக்கமே போயி நில்லுங்களேன்."

"நல்ல மனுஷன்தான், யாரு இல்லேன்னா? ஆஸ்பத்திரியத் தொறக்க வழி இருக்கான்னு அவருகிட்டயே கேட்டேன். 'இல்ல, உங்ககிட்டப் பொய் சொல்ல மாட்டேன்'னுட்டாரு. இந்தம்மாகிட்ட வழி இருக்கு. எனக்கு நல்லவர் வேணாம், ஆஸ்பத்திரி வேணும்."

கட்டைத் தூக்கி என் அடுப்பில் போட்டார்.

எங்கள் அயோவா மாநிலத்தில் இந்த ஓட்டுக்குச் சீட்டும் கிடையாது, பெட்டியும் கிடையாது. ஊரே ஓரிடத்தில் கூடி, அவரவர் வேட்பாளரின் மூலையில் போய் நிற்க வேண்டும். தலையை எண்ணுவார்கள். அன்று பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்தில் எண்பது பேர். ஒரு மூலை பிழைக்கக் குறைந்தது பன்னிரண்டு பேர் வேண்டும்; இல்லாவிட்டால் கலைய வேண்டியதுதான். பிழைத்தால் அந்த மூலையிலிருந்து ஒருவர் மாவட்டக் கூட்டத்துக்குப் போய்ப் பேசலாம். லொரெய்ன் டுவேனைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தார். நாங்கள் சரியாகப் பன்னிரண்டு பேர்.

அலுவலகம் வேறு கட்டும் அனுப்பியிருக்கிறது; யாரோ அந்த நோட்டீஸை வெளியே நின்ற கார்களிலெல்லாம் செருகியிருந்தார்கள். எல்லார் கையிலும் அதுதான். ஒவ்வொரு மூலைக்கும் ஒரு நிமிடப் பேச்சு. ஆர்லீன் அதைத் தூக்கிக் காட்டி, "இது அபாண்டம்" என்றபோது குரல் உடைந்தது. எங்கள் பக்கத்து ஆட்கள் ஊளையிட்டார்கள். அந்த ஊளையில் நானும் உண்டு.

லொரெய்ன் எழுந்தார். காகிதத்தை எடுக்கவில்லை.

"வாய மூடுங்க எல்லாரும். ஆர்லீன் சொல்றதுதான் நெசம். அந்த மனுஷன் எங்ககூட மழையில நின்னாரு. டுவேன் செத்தப்போ கைப்பட லெட்டர் எழுதுனாரு, ஊருக்குச் சொல்லல. அவர் மேல சேத்தை வாரி வீசித்தான் ஜெயிக்கணும்னா எனக்கு வேணாம். ஆனாலும் நான் மோர்ஸ் பக்கம்தான் நிக்கிறேன். ஏன்னா..."

மணி அடித்தது. ஒரு நிமிடம் முடிந்தது. விதி என்றால் விதி அவருக்கு. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

ஊளையிட்டதை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது. இப்படிப்பட்ட மனிதரையா பழித்தோம் என்று எழுந்து, அந்தக் கூடத்தைக் குறுக்கே கடந்து, ஹார்ட்விக் மூலையில் போய் நின்றேன். அங்கே கைதட்டினார்கள். யாரோ கையில் பிஸ்கட்டைத் திணித்தார்கள். பெரிய யோக்கியன் மாதிரி நின்றேன். எண்ணிப் பார்க்கத் தோன்றவில்லை, மடையனுக்கு.

"மோர்ஸ், பதினொன்று" என்றார்கள்.

ஆள் சேர்க்க இன்னும் கால் மணி நேரம் இருந்தது. "மைலோ, திரும்பி வாடா!" என்று எங்கள் ஆட்கள் கத்தினார்கள். லொரெய்ன் திரும்பிப் பார்த்தார்.

"விடுங்க. அவன் கால், அவன் இஷ்டம்."

அதோடு என் கால் அங்கேயே நட்டுக்கொண்டது. போயிருக்கலாம், பத்து எட்டுதான். போனால் இந்த மூலையில் சிரிப்பார்களே என்று நின்றேன். ஹார்ட்விக் மூலையில் நாற்பத்தொரு பேர். ஒருவரைக் கடன் கொடுத்தால் ஆர்லீனுக்கு ஒன்றும் குறையாது. நான் ஆர்லீனைப் பார்த்தேன். அவர் கையிலிருந்த பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நேரம் முடிந்தது. மோர்ஸ் மூலை கலைந்தது. சிலர் வேறு மூலைக்கு வந்தார்கள். லொரெய்ன் கோட்டை மாட்டிக்கொண்டு, இருபத்தொன்பது வருடம் நின்ற பரிமாறும் மேசையைக் கடந்து வெளியே போனார்.

மோர்ஸ் பிரசார அலுவலகம் அவரைத் துரோகி என்றது. போனில் வசைபாடினார்கள். மார்ச் மாதம் மாவட்டக் கூட்டம் நடந்தது. ஆஸ்பத்திரி என்ற சொல்லே அங்கே எழவில்லையாம். ஆர்லீன் இப்போது சாவுச் சாப்பாட்டைத் தனியாகத்தான் சமைக்கிறார்.

கடைசிப் பனி பெய்த அன்று லொரெய்ன் வீட்டுப் படியில் பனியைச் சுரண்டப் போனேன். காப்பி கொடுத்தார். அந்த இரண்டு காகிதமும் மடித்தபடியே மேசையில் கிடந்தன.

"நீங்க பேசுனதக் கேட்டுத்தான் போனேன்" என்றேன்.

"தெரியும்."

"தப்புப் பண்ணிட்டேன்."

"நெசத்தச் சொன்னேன், நீ நம்புன. அதுல என்ன தப்பு?" கோப்பையைத் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார்.

"ஆனா நீ நம்பாமலே இருந்திருக்கலாம், மைலோ."