முகம் திருத்தும் வேலை

ஸ்டுடியோ என்றால் எல்லாருக்கும் கல்யாண ஆல்பம்தான் நினைவுக்கு வரும். ஆனால் திதி கொடுக்க வருகிற அம்மா மண்டபம் போகிற சாலையில் இருக்கும் எங்கள் கடையில், என் மேஜைக்கு வருகிற படங்கள் எல்லாம் மாலை போடுவதற்காக வருபவை. மங்கிய படம், கிழிந்த படம், செல்போன் படம், எதைக் கொடுத்தாலும் இறந்தவர் முகத்தைப் பிரித்தெடுத்து, கம்ப்யூட்டரில் சரிசெய்து, பிரேம் போடும் அளவுக்குக் கொண்டுவருவது என் வேலை. உட்கார்ந்தால் உலகம் மறந்துபோகும். எதிலாவது மூழ்கி, அடுப்பில் பாலைப் பொங்கவிட்டுத் திட்டு வாங்கியவர்களே, நீங்களும் என் கூட்டம்தான். உங்களிடம் சொன்னால் புரியும்.

பாதி முகம்

துறையூர்ப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். மனைவி இறந்துவிட்டார். அந்தம்மாவுக்கென்று தனிப்படமே கிடையாது. யாரோ வீட்டுக் காதுகுத்தில் எடுத்த படத்தில், இன்னொருத்தர் தோளுக்குப் பின்னால் பாதி முகம் தெரிந்தது. மீதியை நான் உண்டாக்க வேண்டும். தெரிகிற கன்னத்தை அப்படியே திருப்பிப் போட்டால் பொம்மை மாதிரி ஆகிவிடும். யாருக்கும் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருப்பதில்லை. வெளிச்சம் எங்கே விழுகிறது, சிரித்தால் எங்கே மடிப்பு வரும் என்று பார்த்துப் பார்த்துச் செய்தேன்.

முடித்துத் திரும்பினால், காலையில் வந்தவர் சாப்பிடக்கூடப் போகாமல் அதே ஸ்டூலில் இருக்கிறார். படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இவ்ளோ நேரம் அவ மூஞ்சிய யாரும் பாத்ததில்லம்மா. நானுந்தான்."

நெற்றி

ஸ்ரீரங்கத்துக்காரர் ஒருவர் தன் அப்பாவின் படத்தோடு வந்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் எடுத்தது. நெற்றி வெறுமையாக இருந்தது. திருமண் நாமம் இட்டுத் தர வேண்டும் என்றார். நெற்றிச் சுருக்கங்களுக்கு ஏற்றபடி அது வளைந்தால்தான் ஒட்டவைத்த மாதிரி தெரியாது. அந்தச் சுருக்கங்களிலேயே நான் தொலைந்துபோனேன். பக்கத்தில் நின்று அவர் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். நானும் "ம், ம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேனாம்.

முடித்துக் காட்டியதும் அவர் முகம் வெளுத்தது. அவர்கள் தென்கலை; அந்த நாமத்துக்கு மூக்கின்மேல் ஒரு பாதம் இறங்கும். நான் பாதமே இல்லாமல் வடகலையாகப் போட்டிருந்தேன். கோபத்தில் கத்தப்போகிறார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஆயுசு பூரா இதுக்காகவே சண்டை போட்டவர் எங்கப்பா. போனப்புறம் கட்சி மாத்தி வெச்சுட்டேளே!"

முதுகுக்குப் பின்னால்

கே.கே. நகரிலிருந்து வந்த அம்மாவுக்கு ஒரே பையன். காலேஜ் போகிற வழியில் பைக் விபத்து. சிரிக்கிற படம்தான் வேண்டும் என்று கொடுத்துவிட்டு, என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டார். பையனின் தலைமுடி காற்றில் பறந்து, பின்னால் இருந்த மரத்தோடு கலந்திருந்தது. ஒவ்வொரு முடியாகப் பிரித்தெடுத்தேன். எழுந்தபோது அந்தம்மா கண்கள் சிவந்திருந்தன. இவ்வளவு நேரமும் என்னிடம்தான் பேசிக்கொண்டிருந்தார் என்று கடை முதலாளி நிஜார் பாய் சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது.

கூசிப்போய் மன்னிப்புக் கேட்டேன். "நான் சொன்னது ஒண்ணுகூடக் காதுல விழலையா?" என்றார். இல்லை என்றேன். படத்தை வாங்கிப் பைக்குள் வைத்தார். "நல்லதாப் போச்சு. அவங்கப்பாகிட்டகூட அதை நான் சொல்லல."

அண்ணன்

பஸ் டிரைவராக இருந்த என் அண்ணன் மாரடைப்பில் போனார். காரியத்துக்குப் படம் வேண்டும். "நீ வீட்டுக்குப் போம்மா, நான் பாத்துக்கறேன்" என்றார் பாய். அண்ணன் முகத்தை வேறு யாரும் தொட எனக்கு மனசில்லை. உட்கார்ந்தேன். முதலில் படத்தைப் பெரிதாக்கினேன். அப்புறம் கண்ணுக்குக் கீழே நிழல், காலர் மடிப்பு, தாடையின் கோடு என்று வேலை என்னை இழுத்துக்கொண்டது. உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்குத் துக்கம் இல்லை. பசி இல்லை, அழுகை இல்லை, அண்ணனும் இல்லை; ஒரு முகம் மட்டும் இருந்தது. முடித்தபோது, எப்போதும் வருகிற அந்தத் திருப்திகூட வந்தது.

பிரேமை வாங்கிய அண்ணி, புடவைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "தாடையில இருந்த தழும்பு எங்க தேவி? உன்னைப் பின்னால வெச்சு சைக்கிள் ஓட்டி விழுந்ததுன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரே!"

வாசல் சத்தம்

தழும்பைத் திரும்ப வைத்து வேறு பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். ஆனால் அதற்குப் பிறகு என்னால் எதிலும் மூழ்க முடியவில்லை. ஒவ்வொரு முகத்திலும் கை நின்றுவிடுகிறது. இந்த மச்சம் இருந்ததுதானா, இந்தக் கோடு வேண்டுமா என்று வருகிறவர்களையெல்லாம் நச்சரிக்கிறேன். அவர்களும் பதில் சொல்லத் தொடங்கி, பாதியில் அழுகிறார்கள். எல்லாம் காதில் விழுகிறது. மருங்காபுரியிலிருந்து வந்த ஒரு படம் ஒரு வாரமாக முடியாமல் கிடந்தபோதும் பாய் என்னைத் திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். "முன்னெல்லாம் தோளைத் தட்டினாத்தான் திரும்புவே. இப்ப வாசல்ல செருப்பு கழட்டுறதுகூட உனக்குக் கேக்குதேம்மா."

கவனம் சிதறாமல் வேலை செய்வது எப்படி என்று யாராவது என்னைக் கேட்டால், உங்கள் மேஜைக்குத் தெரிந்த முகம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்பதைத் தவிர என்னிடம் வேறு யோசனை எதுவும் இல்லை.